அந்த 20 பென்ஸ் எங்க போகுது?

போன வருஷம் மார்ச் மாசம் ஒரு சனிக்கிழமை காலைல டவுனுக்குப் போனப்ப, கார் பார்க் டிக்கெட் மெஷின் கம்பத்துல ஒரு ஏ4 பேப்பர் தொங்கிட்டு இருந்துச்சு. லேமினேட் பண்ணி ரெண்டு கேபிள் டை போட்டு கட்டியிருந்தாங்க, அப்படியும் ஒரு மூலைல மழைத்தண்ணி உள்ள போயி எழுத்தெல்லாம் ஊதிப்போயிருந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு 1 பவுண்டா இருந்தது ஏப்ரல்லேர்ந்து 1 பவுண்டு 20 பென்ஸ். கீழ பொடி எழுத்துல 1984ஆம் வருஷத்து ரோடு டிராஃபிக் ரெகுலேஷன் ஆக்ட், செக்‌ஷன் 35சி, அது இதுன்னு ஒரு பத்தி.

இங்கிலாந்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. அந்தக் கார் பார்க்க நடத்துற உள்ளாட்சி கவுன்சில்னா எனக்கு அதுவரைக்கும் ரெண்டே விஷயம்தான், எந்த வாரம் எந்தக் கலர் குப்பைத்தொட்டிய வெளிய வைக்கணும்னு சொல்றவங்க, மாசாமாசம் பேங்க்லேர்ந்து காசு எடுக்குறவங்க. மத்தபடி அவங்க யாரு, எந்தக் காசுல எதப் பண்றாங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. 20 பென்ஸ்ல ஒண்ணும் குடி முழுகிடாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா அன்னைக்கி என்னமோ அந்தப் பேப்பர ஃபோட்டோ எடுத்துட்டு நேரா அண்ணா கடைக்குப் போயிட்டேன்.

அண்ணான்னா சொந்த அண்ணா இல்ல, கார் பார்க்க ஒட்டி கடை வச்சிருக்குற யாழ்ப்பாணத்துக்காரர். பால், பேப்பர், லாட்டரி, பின்னாடி ஒரு ரேக்குல மட்டும் கறிவேப்பிலை, முருங்கைக்காய், நம்ம ஊரு மசாலா பாக்கெட். ஃபோட்டோவக் காட்டுனதும் கண்ணாடிய நெத்தில ஏத்திப் பாத்துட்டு, "தம்பி, ஒரு பாணும் பாலும் வாங்க வாற சனம் ஒண்டு இருபது போட்டிட்டே வருவினம்? நேர அந்தப் பெரிய கடைக்குத்தான் போவினம், அங்க பார்க்கிங் சும்மா"ன்னார். (பாண்னா பிரெட்.) சொல்லிக்கிட்டே ஒரு பாட்டிக்கு 10 பவுண்டு நோட்டுக்கு சில்லறை எண்ணிக் குடுத்தார். அந்தப் பாட்டி எதுவுமே வாங்கல, மெஷினுக்கு சில்லறை வேணும்னுதான் வந்தாங்க. கல்லாவுக்குப் பின்னாடி 'பார்க்கிங்குக்கு சில்லறை கிடையாது'ன்னு அவரே எழுதி ஒட்டியிருந்த போர்டு அப்படியே இருந்துச்சு.

அந்த வேகத்துல வீட்டுக்கு வந்து கவுன்சிலுக்கு நாலு பக்கத்துக்கு ஒரு மெயில் அடிச்சேன். சின்னக் கடைங்க, வயசானவங்க, பஸ் இல்லாத கிராமங்கள்னு எல்லாத்தையும் அள்ளிப் போட்டு ஆட்சேபணைன்னு தலைப்பு வச்சு அனுப்பினேன். எட்டு நாள் கழிச்சு மூணு வரில பதில் வந்துச்சு. உங்க கருத்துக்கு நன்றி, இது கருத்துக் கேட்பு இல்ல, அறிவிப்புன்னு. பாத்தா அவங்க சொன்னது சரிதான். இலவசமா இருக்குற கார் பார்க்குக்கு புதுசா காசு வாங்கணும்னாதான் முறையா ஆர்டர் போட்டு, 21 நாள் ஆட்சேபணைக்கு விட்டு, வந்த கடிதத்தையெல்லாம் படிச்சுப் பாத்து முடிவெடுக்கணும். ஏற்கனவே காசு வாங்குற எடத்துல ரேட்ட மட்டும் மாத்தணும்னா லோக்கல் பேப்பர்ல 21 நாளுக்கு முன்னாடி ஒரு அறிவிப்பு, அந்த எடத்துலயே ஒண்ணு ஒட்டுறது, அவ்ளோதான். நான் பாத்த அந்தப் பேப்பர் வந்தப்பவே விஷயம் முடிஞ்சு போச்சு. பிப்ரவரி மாசமே பட்ஜெட்ல ஓட்டுப் போட்டாச்சு, அதுக்கு முன்னாடி டிசம்பர், ஜனவரில எல்லாருக்கும் தெரியிற மாதிரி வெப்சைட்ல போட்டு வச்சிருந்தாங்க, 180 பக்க பிடிஎஃப்ல பின்னிணைப்பு எஃப்னு ஒண்ணுக்குள்ள. யாரு போயி பாக்குறது.

நான் போயி பாத்தேன், ரோஷம்தான் காரணம். அந்த எஃப்ல சுடுகாட்டுக் கட்டணத்துலேர்ந்து டாக்ஸி லைசென்ஸ், தோட்டக் கழிவு தொட்டி வரைக்கும் வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல போன வருஷ ரேட்டு, இந்த வருஷ ரேட்டு. டாக்ஸி லைசென்ஸ் மாதிரி சிலதுல செலவுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. சிலது வாங்கினாலும் பத்து பேருகூட கட்ட மாட்டாங்க. அந்த லிஸ்ட்ல நெசமாவே காசு பாக்கணும்னா கை போற எடம் கார் பார்க்தான்.

ஏன் அப்படின்னா இங்க ஒரு விஷயம் புரியணும். எங்க ஏரியால கவுன்சில்ங்கறது ரெண்டு அடுக்கு, மேல கவுண்டி, கீழ டிஸ்ட்ரிக்ட். ஸ்கூல், ரோடு, வயசானவங்க பராமரிப்பு எல்லாம் கவுண்டி. குப்பை அள்றது, வீடில்லாதவங்களுக்கு எடம் குடுக்குறது, பிளானிங், அப்பறம் ரோட்டுக்கு வெளிய இருக்குற கார் பார்க் இதெல்லாம் டிஸ்ட்ரிக்ட். (இந்த ரெண்டு அடுக்கையும் ஒண்ணாக்கப் போறதா 2024 டிசம்பர்ல கவர்மென்ட் வெள்ளை அறிக்கை விட்டுச்சு, அது தனிக் கதை.) கவுன்சில் டாக்ஸ், அதாவது வீட்டு வரி, பில் டிஸ்ட்ரிக்ட் பேருலதான் வரும், திட்டு எல்லாம் அவங்களுக்குதான் விழும், ஆனா வசூல் பண்ற காசுல பெரும்பங்கு கவுண்டிக்கும் போலீசுக்கும் போயிடும். டிஸ்ட்ரிக்ட் கைல நிக்கிறது ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. கல்யாண வீட்டு வாசல்ல நின்னு மொய் எழுதுறவர் மாதிரி, நோட்டு அவர் கைல, பணம் அவரோடது இல்ல.

சரி, டாக்ஸ ஏத்திக்க வேண்டியதுதானேன்னா அதுக்கும் மூடி போட்டிருக்காங்க. டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் வருஷத்துக்கு 3 சதவீதம் இல்லன்னா 5 பவுண்டு, ரெண்டுல எது பெருசோ அதுக்கு மேல ஏத்தணும்னா மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்தி ஜெயிக்கணும். இந்த மாதிரி வாக்கெடுப்பு 2015 மே மாசம் பெட்ஃபோர்ட்ஷையர்ல ஒரு தடவ நடந்துச்சு, அதுவும் கவுன்சிலுக்கு இல்ல, போலீஸ் கமிஷனர் 15.8 சதவீதம் ஏத்தணும்னு கேட்டாரு, மக்கள் முடியாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. அதப் பாத்தப்பறம் எந்தக் கவுன்சிலுக்கு துணிச்சல் வரும். கடன் வாங்கி அன்றாடச் செலவு பண்ணவும் சட்டம் விடாது. மார்ச் 11க்குள்ள வரவும் செலவும் சரியா நிக்கிற மாதிரி பட்ஜெட் போட்டே ஆகணும். ஆக யாரையும் கேக்காம, எவ்ளோ வேணாலும் ஏத்தலாம்ங்கற மாதிரி மிச்சம் இருக்குறது அந்த மெஷின் ஒண்ணுதான்.

இப்ப அந்த 20 பென்ஸுக்கு வருவோம். இதத்தான் நான் ரெண்டு மூணு நாள் பேப்பர்ல போட்டுப் போட்டுப் பாத்துட்டு இருந்தேன், என் வொய்ஃப் "அந்த டிக்கெட்ட நானே வாங்கித் தரேன், எந்திரிச்சு வாங்க"ன்னு சொல்ற அளவுக்கு.

ரோட்டு ஓரத்துல கோடு போட்ட கட்டத்துல வண்டி விட்டு மெஷின்ல காசு போட்டா அதுல வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரி, கிடையாது. அதே காச கார் பார்க்ல போட்டா 20 சதவீதம் வாட் உண்டு, ஏன்னா பக்கத்துல தனியார் கார் பார்க்கும் இதே வியாபாரம்தான் பண்றான், கவுன்சில் மட்டும் வாட் கட்டலன்னா போட்டி கெட்டுப் போயிடும்னு ஒரு வாதம். ஐல் ஆஃப் வைட் கவுன்சில் இத எதுத்து கேஸ் போட்டு, ஐரோப்பிய கோர்ட் வரைக்கும் 2008ல போயி, அப்பறம் இங்க திரும்பி வந்து வருஷக்கணக்குல இழுத்து கடைசில தோத்தாங்க. அதனால நான் போடுற 1 பவுண்டு 20ல 20 பென்ஸ் நேரா லண்டன் கவர்மென்ட்டுக்கு, கவுன்சிலுக்கு நிக்கிறது சரியா 1 பவுண்டு. முன்னாடி போட்ட 1 பவுண்டுல அவங்களுக்கு நின்னது 83 பென்ஸ் சொச்சம். என்கிட்டேர்ந்து 20 எடுத்தா அவங்க பைல 17 பென்ஸ்கூட முழுசா விழல.

ஒரு பேச்சுக்கு வருஷத்துக்கு 1 லட்சம் டிக்கெட்னு வச்சுக்குங்க. பழைய ரேட்டுல 83,333 பவுண்டு நிக்கும். புது ரேட்டுல அதே 1 லட்சம் பேரு வந்தா 1 லட்சம் பவுண்டு, அதாவது 16,667 கூட வரும். பட்ஜெட்ல எழுதுறது இந்த நம்பரத்தான், 'கூடுதல் வருமானம்'னு ஒரே வரி. ஆனா விலை ஏறினா பத்துல ஒருத்தர் வராம போறாருன்னு வைங்க, 90,000 டிக்கெட், 90,000 பவுண்டு, கூட வந்தது 6,667தான். ஆறுல ஒருத்தர் வராம போனா? பழையபடி 83,333. ஒரு பைசா கூட வரல, டவுனுக்கு வர்ற ஆளுதான் கொறைஞ்சு போச்சு. அண்ணா அந்தப் பாண் கணக்குல சொன்னதும் இதேதான். நியாயமா பாத்தா சில கவுன்சில்கள் இந்தக் கொறையிற கூட்டத்தையும் கணக்குல எடுத்துதான் எழுதுவாங்க, எங்க பிடிஎஃப்ல நான் தேடின வரைக்கும் அப்படி ஒரு கணக்கு கண்ணுல படல.

செலவு இல்லாமயும் இல்ல, அதையும் சொல்லணும். கார் பார்க்குக்கு கவுன்சிலே பிசினஸ் ரேட்ஸ்ங்கற வியாபார எடத்து வரி கட்டணும், தன் சொந்த எடத்துக்கே, நம்ப முடியல இல்ல. லைட்டு, பனிக்காலத்துல உப்பு தூவுறது, கார்டு மெஷின் கமிஷன், 3ஜி நெட்வொர்க்க நிறுத்தினப்ப வேல செய்யாம போன பழைய மெஷின மாத்துறது. ஆனா அதெல்லாம் போக மிச்சம் நிக்கும், அந்த மிச்சத்துக்குதான் எல்லாரும் வாயத் தொறந்துட்டு நிக்கிறாங்க.

மிச்சம்னு சொன்னதும் எனக்கு சிரிப்பு வர வச்ச எடம் ஒண்ணு இருக்கு. ரோட்டு ஓர பார்க்கிங்ல மிச்சமாகுற காச எதுக்குச் செலவு பண்ணலாம்னு அதே 1984 சட்டம் செக்‌ஷன் 55 வேலி போட்டிருக்கு. பார்க்கிங் எடம், பஸ் மாதிரி பொதுப் போக்குவரத்து, ரோடு வேல, சுற்றுச்சூழல்னு ஒரு வட்டம், அதத் தாண்டக்கூடாது. லண்டன்ல பார்னெட் கவுன்சில் 2011ல வீட்டு வாசல்ல வண்டி விடுற பர்மிட்ட 40 பவுண்டுலேர்ந்து 100க்கும், விருந்தாளிங்களுக்கான சீட்ட 1 பவுண்டுலேர்ந்து 4க்கும் ஏத்துனாங்க. அந்தத் தெருக்காரர் ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனாரு. 2013 ஜூலைல ஹைகோர்ட் சொல்லிருச்சு, இந்தச் சட்டம் வரி வசூல் பண்றதுக்கு இல்ல, மத்த போக்குவரத்துச் செலவுக்கு காசு சேக்கணும்னு நெனச்சு பர்மிட் ரேட்ட ஏத்துனது செல்லாதுன்னு. சரி, நல்ல தீர்ப்பு. ஆனா அதே வண்டிய ரோட்டுலேர்ந்து பத்தடி தள்ளி கவுன்சில் கார் பார்க்குக்குள்ள விட்டீங்கன்னா, அங்க வாங்குற டிக்கெட் காசுக்கு அந்த வேலி இல்ல, பொதுக் கணக்குல போயி கலந்துடும். ரோட்டோரக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம்.

அப்ப பொதுக் கணக்குல போயி என்ன ஆகுது? இங்கதான் என் கோவம் கொஞ்சம் எறங்குச்சு. பட்ஜெட்ல எந்த வரி ஊதிக்கிட்டே போகுதுன்னு பாத்தா தற்காலிகத் தங்குமிடம். வீடு இல்லாம நடுத்தெருவுல நிக்கிற குடும்பத்துக்கு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் எடம் பாத்துக் குடுத்தே ஆகணும், சட்டக் கடமை. எடம் இல்லன்னா பி அண்ட் பினு சொல்ற சின்ன லாட்ஜ், ஹோட்டல் ரூம்னு போட்டு அந்த வாடகையக் கட்டுவாங்க, கட்டிட்டு லண்டன்கிட்ட மானியம் கேப்பாங்க. லண்டன் எவ்ளோ குடுக்கும்? 2011 ஜனவரில அந்த ஏரியாவுக்கு நிர்ணயம் பண்ணின ஒரு பெட்ரூம் வீட்டு வாடகை உதவித்தொகை ரேட்டு, அதுக்கு மேல இல்ல. ஆமா, 2011தான், டைப்பிங் மிஸ்டேக் இல்ல. இன்னைக்கு ஹோட்டல்காரன் கேக்குற வாடகைக்கும் அந்தப் பழைய வாடகைக்கும் நடுவுல இருக்குற பள்ளத்த கவுன்சில்தான் நெரப்பணும். அப்படிப் பாத்தா என் 17 பென்ஸ் ஒரு கொழந்த இருக்குற குடும்பத்துக்கு ஒரு ராத்திரி வாடகைல ஒரு துளியா போகுது. அதத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

எனக்கு எரிச்சல் வேற எடத்துல. நோட்டீஸ்லயும் சரி, கவுன்சில் பத்திரிகைலயும் சரி, எழுதியிருந்த காரணம் 'வண்டிகள் சீக்கிரம் நகர்ந்து எல்லாருக்கும் எடம் கெடைக்க' அப்படின்னு. எங்க கார் பார்க் வாரநாள்ல பாதிகூட நெறையாது! செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு நான் எண்ணிப் பாத்திருக்கேன், அங்க நகர்றதுக்கு வண்டியே இல்ல. எடம் நெருக்கடியா இருக்குற ஊருல விலைய ஏத்தி நகர வைக்கிறது நல்ல முறைதான், அத நானும் ஒத்துக்குறேன். ஆனா காலியா கெடக்குற எடத்துக்கு அந்தக் காரணத்தச் சொல்றது, பந்தில ஆளே இல்லாதப்ப எல விரிக்கிறவன் "நகருங்க நகருங்க"ன்னு கத்துற மாதிரி. "ஹோட்டல் வாடகைக்கு காசு பத்தல, லண்டன் தர மாட்டேங்குது, வேற வழி தெரியல, 20 பென்ஸ் கூடக் குடுங்க"ன்னு அந்த ஏ4 பேப்பர்ல எழுதியிருந்தா நான் மெயிலே அனுப்பியிருக்க மாட்டேன்.

இந்த வருஷம் பிப்ரவரில ஃபுல் கவுன்சில் கூட்டத்துக்கே போயிட்டேன். பொதுமக்கள் கேள்வி கேக்கலாம், ஆனா சில நாள் முன்னாடியே எழுதிக் குடுக்கணும். முதல் அரை மணி நேரம் இலவசமா விட்டா என்ன ஆகும், கணக்குப் பாத்தீங்களான்னு கேட்டிருந்தேன். பெரிய ஹால், சுவத்துல பழைய மேயர்கள் படம், பார்வையாளர் பக்கம் என்னையும் சேத்து ஆறு பேரு, அதுல ஒருத்தர் வெளிய குளிர்னு உள்ள வந்தவர் மாதிரி இருந்தாரு. மொதல்ல ஒரு அதிகாரி எந்திரிச்சு, யாருக்காச்சும் கவுன்சில் டாக்ஸ் ரெண்டு மாசமோ அதுக்கு மேலயோ பாக்கி இருந்தா அத இங்க சொல்லணும், ஓட்டுப் போடக்கூடாதுன்னு சொன்னாங்க. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, 1992 சட்டத்துலயே இருக்காம், மீறினா குற்றம். நம்ம ஊருல வாடகைப் பாக்கி வச்சவன் சங்கக் கூட்டத்துல தலையக் குனிஞ்சுட்டு உக்காருவான்ல, அது ஞாபகம் வந்து சிரிச்சிட்டேன். அன்னைக்கு ஒருத்தரும் எந்திரிக்கல.

என் கேள்விக்கு நிதிக்குப் பொறுப்பான கேபினட் மெம்பர் எழுதி வச்சுப் படிச்சாரு. வயசானவர், மரியாதையான ஆளு. அரை மணி நேரம் இலவசம் விட்டா டிக்கெட்ல பெரும்பகுதி போயிடும், ஏன்னா இப்ப வர்றவங்கள்ல ரொம்பப் பேரு அரை மணி நேரத்துலயே கெளம்பிடுறாங்கன்னாரு. ஒரு துணைக் கேள்வி கேக்கலாம்னு எனக்கு உரிமை இருந்துச்சு. "அப்படி சீக்கிரம் கெளம்புறவங்கள நகர வைக்கவா விலை ஏத்துனீங்க?"ன்னு கேட்டேன். ஹால்ல ரெண்டு பேரு சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. பேப்பர கீழ வச்சுட்டு, "வோக்கிங்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்"னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாரு.

தெரியும். வோக்கிங் கவுன்சில் கட்டடம், ஹோட்டல்னு முதலீடு பண்றேன்னு கடன் மேல கடன் வாங்கி, 2023 ஜூன்ல 1.2 பில்லியன் பவுண்டு பற்றாக்குறைன்னு செக்‌ஷன் 114 நோட்டீஸ் போட்டாங்க. 114னா, 1988 சட்டப்படி நிதி அதிகாரி 'இனிமே கையிருப்பு தாங்காது'ன்னு எழுத்துல குடுக்குறது, அதுக்கப்பறம் சட்டக் கடமையான செலவு தவிர புதுசா எதுக்கும் கை வைக்க முடியாது. அதே வருஷம் செப்டம்பர்ல பர்மிங்காம், நவம்பர்ல நாட்டிங்காம். அவ்ளோ பெரிய ஊருங்களே விழுந்தப்ப எங்க டிஸ்ட்ரிக்ட் எம்மாத்திரம்னு அந்தப் பெரியவருக்கு ராத்திரி தூக்கம் வராதுன்னு நெனக்கிறேன். ஆனாலும் அது என் கேள்விக்கு பதில் இல்ல.

அப்பறம் ஓட்டு. பட்ஜெட் ஓட்டுல யாரு எந்தப் பக்கம்னு பேர் சொல்லி பதிவு பண்ணணும்னு 2014லேர்ந்து விதி, அதனால ஒவ்வொருத்தரா பேரக் கூப்பிட்டு, "ஃபார்", "ஃபார்", "அகெய்ன்ஸ்ட்"னு போயிட்டே இருந்துச்சு, நாலு நிமிஷம்கூட ஆகல. ஒரு மணி நேரம் 1 பவுண்டு 40. ஞாயித்துக்கிழமையும் இனிமே காசு.

ஏப்ரல் ஒண்ணாந்தேதி காலைல பால் வாங்கப் போனப்ப ஒரு பையன் ஃப்ளோரசென்ட் ஜாக்கெட் போட்டுட்டு மெஷின்ல புது ஸ்டிக்கர் ஒட்டிட்டு இருந்தான். பழச உரிக்கல, அது மேலயே. நான் பக்கத்துல போயி ஓரத்த நகத்தால நெருடிப் பாத்தேன், அடியில இன்னும் நாலு ஸ்டிக்கர் இருந்துச்சு, கடைசி ஒண்ணு வெயில்ல வெளுத்து ஒரு மணி நேரம் 60 பென்ஸ்னு. பையன் "எதாச்சும் வேணுமா?"ங்கற மாதிரி பாத்தான். மெஷின் மீதி தராதுன்னு கீழ எப்பவும் போல எழுதியிருந்துச்சு. 1 பவுண்டு 40க்கு சில்லறை சரியா யாருகிட்ட இருக்கு, 1.50 போட்டுட்டுப் போக வேண்டியதுதான். இதுக்கும் ஒரு கேஸ் இருக்கு, தனியார் கார் பார்க் கம்பெனி ஒண்ணு, 1.40 கட்டணத்துக்கு 1.50 போட்டவரோட அந்த மிச்சம் 10 பென்ஸ் அன்பளிப்பு மாதிரி, அதுக்கு வாட் கெடையாதுன்னு அப்பீல் கோர்ட் வரைக்கும் போனாங்க. 2019ல தோத்துட்டாங்க. அந்த 10 பென்ஸுக்கும் வாட் உண்டு.

உள்ள போனா அண்ணா கல்லா மேல 20 பென்ஸ் காசா சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைல கட்டி அடுக்கி வச்சிருந்தார், வங்கிலேர்ந்து எடுத்துட்டு வந்தாராம். 'சில்லறை கிடையாது' போர்டக் காணோம். அந்த எடத்துல புதுசா ஒண்ணு, மெஷினுக்குச் சில்லறை இங்கே கிடைக்கும்னு இங்கிலீஷ்ல கொட்டை எழுத்துல, அதுக்கு நேர் கீழ சூயிங் கம் தட்டு.

"சில்லறைக்கு வாற சனம் வெறுங்கையோட போக வெக்கப்படுதுகள் தம்பி, ஒரு சூயிங் கம்மாவது எடுக்குதுகள்," அப்படின்னுட்டு என் பாலுக்கு மீதி எண்ணிக் குடுத்தார். எல்லாம் 20 பென்ஸாவே.